வெள்ளை மரமா? சிவப்பு மரமா?

கண்ணுக்குத் தெரியாத ஒளியில் மரத்தைப் படம் பிடிக்கிறார்கள்! கறுப்பு வெள்ளை நல்லதா, கலர் நல்லதா?

இப்படி ஒரு போட்டோவை நினைத்துப் பாருங்கள்.

ஒரு ஏரிக்கரை. கரையில் பெரிய ஆலமரம். வானம் கறுப்பாக இருக்கிறது. ஏரித் தண்ணீரும் மை போலக் கறுப்பாக இருக்கிறது. ஆனால், மரம் மட்டும் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது! இலை வெள்ளை. தளிர் வெள்ளை. மரத்தடியில் முளைத்த புல்லும் வெள்ளை.

"பனி கொட்டி இருக்கிறதோ?" என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. இது சித்திரை மாதத்து உச்சி வெயிலில் எடுத்த படம்!

இன்னொரு போட்டோ. அதே ஏரி. அதே மரம். ஆனால், இது கலர் படம். இதில் மரம் வெள்ளையாக இல்லை. பச்சையாகவும் இல்லை. குங்குமத்தை வாரிக் கொட்டியது போல, செக்கச் செவேல் என்று இருக்கிறது!

மரத்துக்கு யாரும் சாயம் பூசவில்லை. போட்டோவைத் திருத்தவும் இல்லை. இரண்டு படங்களும் "அகச்சிவப்பு ஒளி"யைக் கொண்டு எடுத்தவை. இங்கிலீஷில் "இன்பிரா ரெட்" என்பார்கள். ஒன்று கறுப்பு வெள்ளைப் படம். மற்றது கலர் படம்.

இந்த இரண்டில் எது நல்லது?

"அது போட்டோக்காரர்களின் கவலை. நமக்கு என்ன?" என்று தள்ளிவிடாதீர்கள். இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு யுத்தம் இருக்கிறது. நோயில் வாடும் தென்னந்தோப்பு இருக்கிறது. அந்தத் தோப்பை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் இருக்கின்றன.

ஏழு நிறத்துக்கு அப்பால்

வானவில்லை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு ஓரத்தில் ஊதா. மறு ஓரத்தில் சிவப்பு. சிவப்பு முடிந்ததும் வானவில் முடிந்துவிடுகிறது.

உண்மையில் அது முடியவில்லை. நம் கண்தான் அங்கே நின்றுவிடுகிறது!

இதைக் கண்டுபிடித்தவர் வில்லியம் ஹெர்ஷல். ஜெர்மனியில் பிறந்து, இங்கிலாந்தில் குடியேறியவர். முதலில் சங்கீத வித்துவான். பிறகு வான ஆராய்ச்சியில் இறங்கினார். தம் கையாலேயே தூரதிருஷ்டிக் கண்ணாடிகளைச் செய்தார். யுரேனஸ் கிரகத்தை 1781-ம் ஆண்டில் கண்டுபிடித்தவர் இவர்தான்.

1800-ம் ஆண்டில் அவர் ஒரு சோதனை செய்தார். சூரிய ஒளியை முக்கோணக் கண்ணாடி வழியாக விட்டார். ஒளி பல நிறங்களாகப் பிரிந்து மேஜை மேல் விழுந்தது. ஒவ்வொரு நிறத்திலும் ஒரு உஷ்ணமானியை வைத்துப் பார்த்தார். ஊதாவில் சூடு குறைவு. சிவப்பில் அதிகம்.

பிறகு, சிவப்புக்கு அடுத்தாற்போல், நிறமே இல்லாத இடத்தில் உஷ்ணமானியை வைத்தார். அங்கே சூடு இருக்கக்கூடாது அல்லவா? ஆனால், அங்கேதான் சூடு மிக அதிகமாக இருந்தது!

கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அங்கே விழுகிறது. அதுதான் அகச்சிவப்பு ஒளி.

வீட்டிலேயே பார்க்கலாம்

இதை நீங்களும் பார்க்கலாம். செலவு இல்லை. குழந்தைகளையும் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டெலிவிஷன் ரிமோட் ஒன்றை எடுங்கள். அதன் முனையில் சின்ன பல்பு இருக்கும். பொத்தானை அமுக்கிக்கொண்டு அந்த பல்பைப் பாருங்கள். ஒன்றும் தெரியாது.

இப்போது செல்போன் காமிராவைத் திறந்து, அதன் வழியாக அந்த பல்பைப் பாருங்கள். மினுக் மினுக் என்று ஒளி விடும்! சில போன்களில் பின்பக்கக் காமிராவில் தெரியாது. முகத்தைப் படம் எடுக்கும் முன்பக்கக் காமிராவில் தெரியும்.

உங்கள் கண்ணுக்குத் தெரியாதது காமிராவுக்குத் தெரிந்துவிட்டது. விஷயம் இவ்வளவுதான். இந்த ஒளியை மட்டும் வைத்து மரத்தைப் படம் பிடித்தால், வெள்ளை மரம் கிடைக்கிறது.

இலைக்குள்ளே ஒரு சமையல் கூடம்

மரம் ஏன் வெள்ளையாகத் தெரிகிறது?

இலை என்பது ஒரு சமையல் கூடம். அங்கே சமையல்காரர் யார் தெரியுமா? இலையில் உள்ள பச்சையம். சூரிய ஒளிதான் அடுப்புக்கு விறகு.

ஆனால், எல்லா விறகும் அவருக்கு ஆகாது. சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் ஆவலோடு எடுத்துக்கொள்வார். பச்சை ஒளியில் ஒரு பகுதியை "வேண்டாம்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு அப்படித் திரும்பி வருகிறது. அதனால்தான் இலை நமக்குப் பச்சையாகத் தெரிகிறது.

அகச்சிவப்பு ஒளியோ, இந்தச் சமையலுக்கு உதவாத விறகு. பச்சையம் அதைத் தொடுவதே இல்லை. அது நேராக இலைக்குள் நுழைந்துவிடுகிறது.

உள்ளே என்ன இருக்கிறது? ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு அறைகள். அறைகளுக்கு நடுவே காற்று. ஒளி ஒவ்வொரு சுவரிலும் மோதி, நாலா பக்கமும் சிதறுகிறது.

கற்கண்டைப் பார்த்திருப்பீர்கள். பெரிய கட்டியாக இருக்கும்போது கண்ணாடி போல் தெளிவாக இருக்கும். அதையே பொடித்துப் பாருங்கள். வெள்ளை மாவு போல் ஆகிவிடும். பொருள் ஒன்றுதான். ஒளி பல இடங்களில் மோதிச் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. இலைக்குள் நடப்பதும் இதுதான்.

இலை மேல் விழும் அகச்சிவப்பு ஒளியில் நூற்றுக்கு 40 முதல் 50 பங்கு வரை திரும்பி வந்துவிடுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி இலையைத் தாண்டிக் கீழே போய்விடுகிறது. இலை தனக்கென்று வைத்துக்கொள்வது மிகவும் கொஞ்சம்.

இதில் மரத்துக்கு ஒரு லாபமும் உண்டு. இந்த ஒளியை எல்லாம் உறிஞ்சிக்கொண்டால், வெயிலில் இலை இன்னும் சூடேறிவிடும்!

பெயரில் மரம் உள்ள மனிதர்

இந்த வெள்ளை மரத்தை முதல் முதலில் படம் எடுத்து உலகத்துக்குக் காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ் வுட். அமெரிக்க விஞ்ஞானி. 1910-ம் ஆண்டில் அவருடைய படங்கள் வெளிவந்தன. பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். கறுப்பு வானத்தின் கீழ் வெண்பனி மூடியது போல் மரங்கள்!

இலைகள் இப்படி வெள்ளையாகத் தெரிவதற்கு "வுட் விளைவு" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இங்கிலீஷில் வுட் என்றால் மரக்கட்டை. "மரம் வெள்ளையாகத் தெரிவதால் இந்தப் பெயர்" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இது மனிதரின் பெயர்!

இந்த வுட் பெரிய கில்லாடி. 1903-ம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி பிளாண்ட்லோ என்பவர், "என் கதிர்" என்ற புதிய கதிரைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். "என்" என்பது இங்கிலீஷ் எழுத்து. அடுத்த ஆண்டு வுட் அங்கே போனார். சோதனை இருட்டு அறையில் நடந்தது. சோதனைக்கு மிகவும் முக்கியமான முக்கோணக் கட்டியை, இருட்டில் யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டார் வுட்! அப்படியும், "கதிர் தெரிகிறது" என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். குட்டு உடைந்தது. அப்படி ஒரு கதிரே கிடையாது!

இல்லாத கதிரை "இல்லை" என்று காட்டியவரும் அவரே. கண்ணுக்குத் தெரியாத கதிரை "இருக்கிறது" என்று படம் எடுத்துக் காட்டியவரும் அவரே.

யுத்தத்தில் பிறந்த கலர்

அந்தக் காலத்து அகச்சிவப்புப் படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளைதான். கலர் எப்படி வந்தது?

இரண்டாவது உலக யுத்தத்தில் வந்தது.

யுத்த காலத்தில் பீரங்கிகளையும் லாரிகளையும் மறைத்து வைப்பார்கள். பச்சைச் சாயம் பூசிய துணியைப் போர்த்துவார்கள். விமானத்தில் இருந்து பார்த்தால் தோப்பு போல இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க அமெரிக்காவின் கோடாக் கம்பெனி ஒரு பிலிம் தயாரித்தது. அந்த பிலிமில் மூன்று அடுக்குகள். ஒன்று பச்சை ஒளியைப் பிடிக்கும். ஒன்று சிவப்பு ஒளியைப் பிடிக்கும். ஒன்று அகச்சிவப்பு ஒளியைப் பிடிக்கும். நீல ஒளி உள்ளே வராதபடி, காமிராவின் முன்னால் மஞ்சள் கண்ணாடி போட்டார்கள்.

அகச்சிவப்புக்குத்தான் சொந்த நிறம் கிடையாதே! அதை எப்படிக் காட்டுவது?

சட்டையை மாற்றிப் போட்டார்கள். பச்சை ஒளிக்கு நீலச் சட்டை. சிவப்பு ஒளிக்குப் பச்சைச் சட்டை. அகச்சிவப்பு ஒளிக்குச் சிவப்புச் சட்டை!

ஆகவே, உயிர் உள்ள மரம் படத்தில் சிவப்பாகத் தெரியும். பச்சைச் சாயம் பூசிய துணி நீலமாகத் தெரியும். ஒளிந்திருப்பவர் அகப்பட்டுக்கொள்வார்!

இதற்குப் "பொய் வர்ணம்" என்று பெயர். ஆனால், இந்தப் பொய் வர்ணம்தான் மெய்யைக் காட்டிக் கொடுத்தது.

வெளுத்தது எல்லாம் பால் அல்ல!

யுத்தம் முடிந்தது. விவசாய நிபுணர்கள் ஒன்றை யோசித்தார்கள். "உயிர் உள்ள இலையையும் பொய் இலையையும் பிரித்துக் காட்டும் பிலிம், நல்ல இலையையும் நோய் இலையையும் பிரித்துக் காட்டாதா?"

அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ராபர்ட் கால்வெல் இதில் முன்னோடி. தானியப் பயிர்களில் வரும் நோய்களை, விமானத்தில் இருந்து எடுத்த படங்களைக் கொண்டு அறியலாம் என்று 1956-ம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார்.

இங்கேதான் கேள்வி வந்தது. கறுப்பு வெள்ளையா? கலரா?

கறுப்பு வெள்ளையில் ஒரு சங்கடம் உண்டு. அது ஒரே ஒரு ஒளியைத்தான் பார்க்கிறது. இலை மஞ்சளாகும்போது என்ன நடக்கிறது? பச்சையம் குறைகிறது. ஆனால், அகச்சிவப்பு ஒளிக்கும் பச்சையத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று மேலே பார்த்தோம். உள்ளே இருக்கும் சின்ன அறைகள் இடியாமல் இருக்கும்வரை, மஞ்சள் இலையும் அகச்சிவப்பை அப்படியே திருப்பி அனுப்பும். ஆகவே, கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சை இலையும் வெள்ளை. பழுக்கும் இலையும் வெள்ளை!

வாடத் தொடங்கிய மரம், நல்ல மரம் போல் தெரிந்து நம்மை ஏமாற்றிவிடும்.

கலர் படத்தில் இந்த ஏமாற்று நடக்காது. பச்சையம் குறைந்தால், இலை சிவப்பு ஒளியையும் திருப்பி அனுப்பத் தொடங்கும். கலர் பிலிம் அதையும் பார்க்கிறது. மூன்று ஒளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறது. அதனால், நல்ல மரத்தின் அடர்ந்த சிவப்பு, நோய் மரத்தில் வெளிறிப் போய்விடும். காய்ந்த மரத்தில் சிவப்பே இருக்காது.

இன்னொரு காரணம் நம் கண். சாம்பல் நிறத்தில் சில பத்து வகைகளைத்தான் நம் கண் பிரித்து அறியும். கலரிலோ ஆயிரக்கணக்கான வகைகளைப் பிரித்து அறியும். ஒரு கூடைத் தக்காளியைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பாருங்கள். காய் எது, பழம் எது என்று வீட்டு அம்மாவுக்கே குழப்பம் வந்துவிடும்!

கேரளத் தென்னை சொன்ன கதை

நம் நாட்டில் இந்தக் கலர் பிலிம் செய்த வேலையைக் கேளுங்கள்.

கேரளாவில் தென்னைக்கு ஒரு நோய் உண்டு. பெயர், வேர்வாடல் நோய். சுமார் 1882-ம் ஆண்டில், ஈராற்றுப்பேட்டைப் பகுதியில் இது முதலில் தெரிய வந்தது. பெருவெள்ளம் வந்து போன காலம் அது.

இந்த நோய் மரத்தை உடனே கொல்லாது. அதுதான் கொடுமை! கீற்றுகள் விறைப்பு இழந்து, விலா எலும்பு போல் உள்பக்கமாக வளையும். பிறகு மஞ்சளாகும். ஓரம் கருகும். காய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு குறையும். மரம் நிற்கும். தண்ணீர் குடிக்கும். உரம் தின்னும். ஆனால், வருமானம் இருக்காது. வெட்டவும் மனம் வராது. பிள்ளையைப் போல வளர்த்த மரம் அல்லவா?

நோய் எதனால் வருகிறது என்று நூறு ஆண்டுகள் வரை பிடிபடவில்லை. 1983-ம் ஆண்டில்தான் மிக நுண்ணிய கிருமி ஒன்று காரணம் என்று தெரிந்தது. "பைட்டோபிளாஸ்மா" என்று அதற்குப் பெயர். சாறு உறிஞ்சும் பூச்சிகள் அதை மரத்துக்கு மரம் எடுத்துச் செல்கின்றன.

நோய் எவ்வளவு தூரம் பரவி இருக்கிறது? எந்தத் தோப்பில் அதிகம்? இது தெரிந்தால்தானே தடுக்க முடியும்! லட்சக்கணக்கான மரங்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் போய் அண்ணாந்து பார்த்து முடிகிற காரியமா?

இதற்கு வழி கண்டவர் பி. ஆர். பிஷாரடி. பாலக்காட்டை அடுத்த கொல்லங்கோட்டில் 1909-ம் ஆண்டில் பிறந்தவர். நம் திருச்சியில் பிறந்த சர். சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தவர். மழையையும் காற்றையும் ஆராய்ந்த மேதை.

1970-ம் ஆண்டு வாக்கில், ஹெலிகாப்டரில் காமிராவை வைத்து, கேரளத் தென்னந்தோப்புகளை அகச்சிவப்புக் கலர் பிலிமில் படம் எடுக்கச் செய்தார். மேலே இருந்து பார்த்தால் ஒவ்வொரு தென்னையும் ஒரு நட்சத்திரம் போல் இருக்கும். நல்ல மரங்கள் பளிச்சென்று சிவந்த நட்சத்திரங்கள். நோய் மரங்கள் மங்கிய நட்சத்திரங்கள்!

கீழே நின்று பார்ப்பவருக்கு அடிமரம் தெரியும். உச்சிக் கீற்றின் மேல்புறம் தெரியாது. ஆகாயத்தில் இருந்து பார்த்தபோது, அது தெரிந்தது.

தூரத்தில் இருந்தபடியே பூமியை ஆராயும் கலை, இந்தியாவில் இந்தத் தென்னந்தோப்புச் சோதனையில் இருந்துதான் வளர்ந்தது. பிஷாரடியை அந்தக் கலையின் தந்தை என்று போற்றுகிறார்கள். அவர் 2002-ம் ஆண்டில் காலமானார்.

தென்னையில் இருந்து விண்வெளிக்கு

அந்தச் சோதனை அத்தோடு நிற்கவில்லை. 1988-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி, இந்தியா செய்த "ஐ.ஆர்.எஸ். 1-ஏ" என்ற செயற்கைக்கோள், சோவியத் நாட்டில் இருந்து விண்ணில் ஏறியது. சுமார் 900 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றியது. அதன் காமிராக்கள் நீலம், பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு ஆகிய நான்கு ஒளிகளையும் தனித்தனியே பார்த்தன.

செயற்கைக்கோள் படத்தில் காடு சிவப்பாக இருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். "காடு தீப்பிடித்துவிட்டதோ?" என்று பயப்பட வேண்டாம். அதே பழைய சட்டை மாற்றம்தான்! சிவப்பாக இருந்தால் காடு செழிப்பாக இருக்கிறது என்று அர்த்தம். நம் பிச்சாவரம் சதுப்பு நிலக் காடும் இந்தப் படங்களில் சிவப்பாகத்தான் தெரியும்.

ஆனால், அந்தச் செயற்கைக்கோளின் கூர்மையான காமிராவுக்கும் 36 மீட்டர் அகலம் ஒரே புள்ளிதான். ஒரு தனி மரத்தை அது காணாது. இப்போது அந்தக் குறையும் தீர்ந்து வருகிறது. டிரோன் என்ற குட்டி விமானத்தில் காமிராவைக் கட்டி, தோப்புக்கு மேலே பறக்க விடுகிறார்கள். மரம் மரமாகக் கணக்கு எடுக்கிறார்கள்.

வேர்வாடல் நோய் இன்று கேரள எல்லையைத் தாண்டி, பொள்ளாச்சி, ஆனைமலை, கம்பம் பக்கங்களிலும் தென்னையை வாட்டுகிறது. ஆகவே, இது நம் வீட்டுக் கவலையும்தான்.

ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. மரம் வெளிறித் தெரிந்தால், அது நோய் என்று உடனே முடிவு கட்டக் கூடாது. தண்ணீர் இல்லாவிட்டாலும் வெளிறும். சத்துக் குறைந்தாலும் வெளிறும். வண்டு குடைந்தாலும் வெளிறும். "எந்த மரத்தைப் பார்க்க வேண்டும்" என்று படம் சொல்லும். "அதற்கு என்ன நோய்" என்று மரத்தடிக்குப் போய்ப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் கறுப்பு வெள்ளை வீணா?

இல்லவே இல்லை!

ஏரி, குளம், ஆறு எங்கே முடிகிறது, கரை எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டுமா? கறுப்பு வெள்ளை போதும். தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும். மை போல் கறுப்பாகத் தெரியும். கரையில் உள்ள செடி வெள்ளையாகத் தெரியும். எல்லைக் கோடு போட்டது போல் இருக்கும்.

தூரத்து மலையைப் படம் எடுக்க வேண்டுமா? லேசான மூட்டத்தில் நீல ஒளி சிதறி, மலையை மறைத்துவிடும். அகச்சிவப்பு அவ்வளவு சிதறாது. மலை தெளிவாகத் தெரியும்.

மேல்நாடுகளில் காட்டு இலாகாவினரும் இதைப் பயன்படுத்தினார்கள். அகன்ற இலை மரங்கள் வெளுப்பாகத் தெரியும். ஊசி இலை மரங்கள் மங்கலாகத் தெரியும். காட்டில் எது எங்கே இருக்கிறது என்று பிரித்துவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அழகு! கறுப்பு வானத்தின் கீழ், நிலா வெளிச்சத்தில் குளித்தது போல் நிற்கும் வெள்ளை மரத்துக்கு ஈடு உண்டா? கிளையின் வளைவு, விழுதின் கோடு, நிழலின் ஆழம் ஆகியவை கறுப்பு வெள்ளையில்தான் எடுப்பாகத் தெரியும். கலர் வந்தால், கண் கலரைத்தான் பார்க்கும். மரத்தின் உருவத்தை மறந்துவிடும்.

ஆனால், கலரிலும் உள்ளத்தைத் தொட்டவர்கள் உண்டு. அயர்லாந்தைச் சேர்ந்த ரிச்சர்ட் மாஸ், காங்கோ நாட்டில் சண்டை நடந்த மலைகளை இந்தக் கலர் பிலிமில் எடுத்தார். பச்சை மலைகள் எல்லாம் ரோஜா நிறமாக மாறின. உலகம் கவனிக்காத துயரத்தைக் கவனிக்க வைத்தன. 2013-ம் ஆண்டில் வெனிஸ் நகரக் கலைக் கண்காட்சியில் அவை இடம் பெற்றன. மறைந்திருக்கும் படைகளைக் கண்டுபிடிக்கப் பிறந்த பிலிம், மறைந்திருந்த வேதனையைக் காட்டியது!

அந்த பிலிம்கள் இப்போது தயாராவது இல்லை. கோடாக் கம்பெனி கறுப்பு வெள்ளை அகச்சிவப்பு பிலிமை 2007-ம் ஆண்டிலும், கலர் பிலிமை 2009-ம் ஆண்டிலும் நிறுத்திவிட்டது.

படம் எடுக்க ஆசையா?

இப்போது பிலிம் இல்லாத டிஜிட்டல் காமிராவிலேயே இந்தப் படங்களை எடுக்கிறார்கள். அதற்குச் சில யோசனைகள்:

டிஜிட்டல் காமிராவின் உள்ளே அகச்சிவப்பைத் தடுக்கும் மெல்லிய கண்ணாடி இருக்கும். அதை எடுத்துவிட்டால், அகச்சிவப்புக் காமிரா தயார். ஆனால், நீங்களே கழற்றாதீர்கள்! பிளாஷ் உள்ள காமிராவில் மின்சாரம் தங்கி இருக்கும். ஷாக் அடிக்கும். தெரிந்தவரிடம் கொடுங்கள்.

காமிராவைக் கழற்ற மனம் இல்லையா? லென்சின் முன்னால் "720" என்ற கறுப்பு பில்டரை மாட்டினால் போதும். ஆனால், மிகக் குறைந்த ஒளியே உள்ளே போகும். பல வினாடிகள் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். முக்காலி அவசியம். காற்று அடித்தால் இலை எல்லாம் பஞ்சு போல் கலைந்துவிடும்.

நல்ல வெயிலில் எடுங்கள். சாதாரணப் படத்துக்கு ஆகாத உச்சி வெயில், இந்தப் படத்துக்கு உகந்தது. ஆனால், காமிரா வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள். கண் போய்விடும்.

சாதாரண ஒளிக்குப் பார்த்து வைத்த போகஸ், அகச்சிவப்புக்குச் சரியாக இருக்காது. பழைய லென்சுகளில் இதற்கென்றே ஒரு சிவப்பு அடையாளம் போட்டிருப்பார்கள்.

கலரா, கறுப்பு வெள்ளையா என்று பில்டர் வாங்கும்போதே யோசித்துவிடுங்கள். "720" பில்டரில் கொஞ்சம் சிவப்பு ஒளியும் உள்ளே வரும். அதனால், பிறகு கம்ப்யூட்டரில் சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றி, நீல வானமும் வெளிர் நிற மரமும் உள்ள கலர் படம் செய்யலாம். வேண்டாம் என்றால் கறுப்பு வெள்ளையாகவும் மாற்றலாம். "850" பில்டரில் அகச்சிவப்பு மட்டுமே வரும். கறுப்பு வெள்ளை ஒன்றுதான் கிடைக்கும். ஆனால், அந்த வெள்ளை சுத்த வெள்ளை!

ஒரு எச்சரிக்கை. இப்படி வீட்டில் செய்யும் கலர், பார்ப்பதற்கு அழகு. அவ்வளவுதான். அது மரத்தின் நோயைச் சொல்லாது. நோய் பார்க்கும் காமிரா வேறு. அது ஒவ்வொரு ஒளியையும் தனித்தனியே அளந்து, கணக்குப் போட்டுச் சொல்கிறது.

தீர்ப்பு என்ன?

வெள்ளை மரமா? சிவப்பு மரமா?

சுவரில் மாட்டி ரசிக்க வேண்டுமா? கறுப்பு வெள்ளை எடுங்கள். மரத்தின் உருவம் பேசும்.

மரத்தின் உடம்புக்கு என்ன என்று தெரிய வேண்டுமா? கலர் எடுங்கள். மரத்தின் நாடி பேசும்.

வெள்ளைப் படத்தில் பார்த்தபோது அழகாக நின்ற அதே மரம், சிவப்புப் படத்தில் "எனக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லக்கூடும். மரத்துக்கு வாய் இல்லை. ஆனால், அது நாள் முழுவதும் ஒளியால் பேசிக்கொண்டுதான் இருக்கிறது.

நாளைக்குக் காலையில் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வேப்ப மரத்தையோ, கொல்லையில் நிற்கும் தென்னையையோ ஒரு நிமிஷம் அண்ணாந்து பாருங்கள். நீங்கள் பார்ப்பது பச்சை. அதற்குள்ளே ஒரு வெள்ளை மரமும், ஒரு சிவப்பு மரமும் நின்றுகொண்டு இருக்கின்றன!